எஞ்சினுக்கு வாய் கொப்பளிக்க ஒரு தேங்காய்

போன மாதம் எங்கள் பழைய பணிமனையிலிருந்து இளம் மெக்கானிக் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. ஓய்வு பெற்றவனைப் பார்க்க வருகிறவர்கள் பெட்டியோடு வந்தால் அதில் லட்டு இருக்கும் என்பது என் நம்பிக்கை. திறந்தால் கருப்பு ரப்பரில் இரண்டு கிண்ணங்கள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த ஒரு கம்பி, ஹோஸ் குழாய் மாட்ட ஒரு மூக்கு.

“சார், இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

“எஞ்சினுக்கு வாய் கொப்பளிக்கிற சாமான்” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “வெளிநாட்டுல இருந்து இப்பதான் வந்துருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானே ஒண்ணு செஞ்சிருக்கேன். தேங்காயில.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பாக இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பேன். அது இரக்கச் சிரிப்பு. வாலிபத்தில் புலியைக் கையால் அடித்ததாகச் சொல்லும் மாமாக்களுக்கு வீட்டில் காட்டுகிற சிரிப்பு. எனக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

நான் தொழிலுக்கு வந்த கதை சின்னது. என் ஊரான கொட்டாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும், அந்த வயலைப் பற்றி நிறைய வழக்கும் இருந்தன. இன்டர்மீடியட்டில் கணக்கு என்னைக் கைவிட்டது; நான் அதை முன்பே கைவிட்டிருந்தேன். தேசம் விடுதலை பெற்ற வருஷத்தில் நாகர்கோவிலில் ஒரு பஸ் ஷெட்டில் நான் அடிமையாகச் சேர்ந்தேன். முதலில் கழுவினேன். பிறகு கழற்றினேன். பிறகு கழற்றியதைத் திருப்பி மாட்டினேன். மாட்டிய பிறகு மீதம் வரும் திருகாணிகளை யார் கண்ணிலும் படாமல் ஒளிக்கத் தெரிந்த நாளில் என்னை மெக்கானிக் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு இருந்த ஒரே கூடுதல் தகுதி, படிப்புப் பைத்தியம். அதிலும் பழைய நூல்களைவிட அவற்றுக்கு எழுதப்பட்ட உரைகள்மேல்தான் மோகம். மூலம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். உரைகாரர் இரண்டு பக்கம் நடந்துவிட்டு மூச்சு வாங்காமல் திரும்பி வருவார். எஞ்சினோடு வரும் ஆங்கிலக் கையேட்டுக்கு அதே பாணியில் பதவுரை, பொழிப்புரை சொல்லக்கூடியவன் ஷெட்டில் நான் ஒருவன்தான். அந்தப் புகழ் எப்படியோ பரவி என்னைச் சர்க்கார் வேலையில் கொண்டுபோய்த் தள்ளியது.

அப்போது நாங்கள் திரு-கொச்சி ராஜ்யம். கடலோர வள்ளங்களுக்கு எஞ்சின் மாட்டிப் பார்த்தால் என்ன என்று மேலே யாருக்கோ தோன்றியது. அந்த யோசனைக்காக நாகர்கோவிலில் ஓர் ஓட்டுக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு லேத், லேத்தின் முன்னால் தங்கமணி, எல்லாருக்கும் மேலே நம்பியார் சார், எல்லாருக்கும் கீழே நான். நான் அதுவரை கடலைக் கன்னியாகுமரியில் நின்று கும்பிட்டதோடு சரி.

நம்பியார் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெலிந்த, நெடிய மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கிரீஸ் மணக்கும் கொட்டகையில் பகல் முழுக்கச் சுற்றினாலும் இரண்டிலும் ஒரு புள்ளி விழாது. ஸ்பானரைக் கையால் தொட மாட்டார். குடை வைத்திருப்பார். அதன் நுனியால் எஞ்சினில் ஓர் இடத்தைக் காட்டுவார். அங்கே கோளாறு இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையாவது திட்டப் போகிறார் என்றால் முதலில் மிகவும் அன்பாக, “ஊணு கழிஞ்ஞோ?” என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். சாப்பிட்டவனுக்கு அது செரிக்காது. சாப்பிடாதவனுக்கு அன்று பசிக்காது.

எஞ்சினைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் விசிறியைக் கழற்றச் சொல்வார். தண்ணீரைத் தள்ளி வள்ளத்தை ஓட்டுகிற, கீழ்முனையில் சுழலும் அந்த மூன்று இதழ்ச் சக்கரத்தைத்தான் விசிறி என்போம். கரையில் எஞ்சினை ஓட்டும்போது அது மாட்டியிருந்தால் விரல் போகும். கழற்றிய விசிறியை யாரிடமும் கொடுக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் குழந்தையைப் போல வைத்துக்கொள்வார். எஞ்சின் நின்ற பிறகுதான் மடியிலிருந்து இறங்கும். அடுத்தது சூடு. ஒரு டம்ளர் தண்ணீரில் விரல்களை நனைத்து எஞ்சினின் தலையில் தெளிப்பார். சும்மா வழிந்தால் நல்லது. தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுர்ரென்று துள்ளிக் காய்ந்தால் எஞ்சின் சாகப்போகிறது. பல வருஷம் கழித்து, சூடு பார்க்கிற மீட்டர் வந்தபோது அவர் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மீட்டரைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

இனி எஞ்சின். பெட்டிபோன்ற தலை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒற்றைக் கால். தலை வள்ளத்தின் பின்பக்கம் தொங்கும். கால் கடலுக்குள் இருக்கும். காலின் இரண்டு பக்கமும் செதில்போன்ற சிறு துளைகள். அவற்றின் வழியாகக் கடல்நீரை உறிஞ்சி, தலைக்கு ஏற்றி, சூட்டைத் தணித்து, தலைக்குப் பின்னால் ஒரு சிறு ஓட்டை வழியாக வெளியே விடும். அருமையான ஏற்பாடு. ஒரே குறை, கடல்நீரில் உப்பு இருக்கிறது. எஞ்சின் நின்றதும் உள்ளே மிஞ்சிய நீர் காய்ந்து, ரசச் சட்டியின் ஓரத்தில் படிவதுபோல் உப்பு படியும். படிந்து படிந்து வழி அடைபடும். வழி அடைபட்டால் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் தோசைக்கல். ஆகவே ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும், ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் காலை இறக்கிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும் என்று கையேடு சொல்லியது. எழுதியவர் ஊரில் பீப்பாய்த் தண்ணீருக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது.

எங்கள் பொறுப்பில் இருந்த முதல் எஞ்சின், குளச்சலுக்குத் தெற்கே ஒரு துறையில் சூசை என்ற மீனவருக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கேதான் சங்கடம். அந்தக் கரை வள்ளங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே கூர். அலை எந்தப் பக்கம் வந்தாலும் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அப்படி. ஆனால் கூர்முனையில் எஞ்சினைத் தொங்கவிட முடியாது. தட்டையான பலகை வேண்டும். சூசை ஆசாரியைக் கூப்பிட்டுத் தன் வள்ளத்தின் பின்முனையை அறுத்துத் தட்டையாக்கிவிட்டார். எஞ்சின் இருந்தால் அது பறக்கும். எஞ்சின் இல்லாவிட்டால் அது எதற்கும் உதவாது: துடுப்புப் போட்டால் பின்னால் அலை ஏறி உள்ளே உட்கார்ந்துவிடும். அறுத்த வாலைத் திரும்ப ஒட்டவும் முடியாது. துறையில் அதற்கு ‘மொட்டை வள்ளம்’ என்றும், சூசைக்கு ‘மொட்டைச் சூசை’ என்றும் பெயர் விழுந்திருந்தது. அவருக்குத் தலை நிறையச் சுருட்டை முடி.

எஞ்சின் முதல் தடவை அடைபட்டு மாட்டுவண்டியில் எங்களிடம் வந்தது. கழற்றி, உப்பைச் சுரண்டி, அனுப்பினோம். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை வண்டியோடு சூசையும் வந்தார். நம்பியார் சார் குடையை ஊன்றி நின்றுகொண்டு சொன்னார்:

“சூசே, நான் பறயுந்நது கேளு. இனி இது வண்டியில ஏறி இவிடெ வந்தா, திரிச்சு உனக்கு இல்லா. வேற ஊருக்குக் கொடுக்கும்.”

“அப்பம் எனக்க வள்ளம் சாரே?”

நம்பியார் சார் குடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூசை என்னைப் பார்த்தார். நான் ஒரு திருகாணியைப் பார்த்தேன்.

மறுநாளே என்னைத் துறைக்கு அனுப்பினார்கள், தவறு எங்கே என்று பார்த்து வர. சூசையின் வீட்டு முற்றத்தில் நாங்கள் கொடுத்த பீப்பாய் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கோழி என்னை முறைத்தது.

“எழுப்பாதிய சாரே, அடைக்கு இருக்கு” என்றார் சூசை.

“அப்ப எஞ்சினை எதுல கழுவுறீங்க?”

“தெனமும் கழுவுதேன் சாரே, சத்தியமா. கடல்வெள்ளத்த கோரிக் கோரி ஊத்துதேன்.”

“உப்பைப் போக்கக் கடல்தண்ணியா?”

“வலை, வள்ளம், மீனு, எல்லாத்தையும் நாங்க அதுலதான கழுவுதோம்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி ரோசம்மாள் வந்தார். இடுப்பில் குடம். அந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். அவர் அதைப் பேசிய விதத்தில் அந்தச் சொல்லின் மற்ற அர்த்தமும் சேர்ந்து கேட்டது.

“சாரு எந்த ஊரு?”

“கொட்டாரம்.”

“வீட்டு முத்தத்துல கிணறு உண்டும்லா?”

“உண்டு.”

“அதான் பேச்சு வருது. இஞ்ச நல்ல வெள்ளத்துக்குத் தோப்பத் தாண்டி, வயலத் தாண்டி நடக்கணும். இந்தப் பீப்பாய ரொப்பணும்னா நானும் எனக்க மவளுவளும் விடிஞ்சதுலேருந்து உச்சி வரைக்கும் சொமக்கணும். தெனமும்! எஞ்சினு குளிக்கதுக்கு! நான் தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? இந்த மனுசனுக்கு அது தெரியாது. எஞ்சினுக்கு வேர்த்தா மட்டும் தெரியும்.”

“ஏட்டி, சாரு முன்னால…” என்றார் சூசை.

“நீரு சும்மா இரும். வால அறுக்கும்போ எங்கிட்டக் கேட்டீரா? ஒரு கொடம் தருவேன் சாரே. ஒரே ஒரு கொடம். அதுல உங்க எஞ்சினு குளிச்சாலும் சரி, குடிச்சாலும் சரி. அதுக்கு மேல சொட்டுக் கெடையாது.”

திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்த ஒரு குடத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். பீப்பாயில் நிற்கும் தண்ணீரில் எஞ்சின் உறிஞ்சுவது கொஞ்சம்தான். மீதி எல்லாம் அந்தத் துளைகள் முங்கியிருக்க வேண்டும் என்பதற்காகச் சும்மா நிற்கிற தண்ணீர். அதன் காலை எதற்காகக் குளிப்பாட்ட வேண்டும்? அதற்குத் தேவை குளியல் அல்ல, வாய் கொப்பளிப்பு. துளைமேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்துக்குள் குழாயைவிட்டால் போதும். இந்த ஞானம் உதித்த சந்தோஷத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

முதல் முயற்சியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். உயரத்தில் ஒரு பாத்திரம், அதிலிருந்து இறங்கும் ரப்பர் குழாய், முனையில் ஒரு மூக்கு: இவை மூன்றும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சாமான் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது ஆஸ்பத்திரியில் இருந்தது. எனக்குத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர், யாருக்கு, எவ்வளவு நாளாக என்று பரிவோடு விசாரித்துவிட்டு எனிமா டப்பாவைக் கொடுத்தார். எஞ்சினுக்கு என்றேன். குடும்ப விஷயத்தை மறைக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து டப்பாவை மாட்டினோம். ஒரு பக்கத்துத் துளையை மாவு உருண்டையால் அடைத்து, மறுபக்கம் குழாயைக் கையால் பொருத்திப் பிடித்தேன். தங்கமணி கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினான். எஞ்சின் ஓர் இழுப்பு இழுத்தது. மெல்லிய அந்த ரப்பர் குழாய் சப்பென்று ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிட்டது. நம்பியார் சார் விசிறியை மடியில் வைத்தபடியே விரலை நனைத்துத் தெளித்தார். சுர்.

எஞ்சினை நிறுத்தினோம். அவர் என்னைப் பார்த்துக் கனிவோடு, “ஊணு கழிஞ்ஞோ?” என்றார்.

“இல்ல சார்.”

“எடோ பிள்ளே, இது எஞ்சினாணு. ரோகி அல்லா.”

அவர் அதோடு விட்டுவிட்டார். ஆனால் கொட்டகையில் என்னை ஒரு வாரம் ‘டாக்டர்’ என்றே கூப்பிட்டார்கள்.

குழாய்க்கு வழி சுலபம். பஸ் ஷெட்டில் பழைய ரேடியேட்டர் ஹோஸ் கிடைத்தது, இழுத்தால் சப்பையாகாத கனம். கஷ்டம் கிண்ணத்தில்தான். காலின் பக்கம் வளைவானது. தகரத்தில் செய்தால் ஓரம் உட்காராமல் ஒழுகுகிறது. ட்யூப் ரப்பரை வெட்டி ஒட்டினால் சுருங்குகிறது. மயிலாடிச் சிற்பி சாமி சிலைக்கு மூக்கு செதுக்குவதுபோல் மரத்தைச் செதுக்கிப் பார்த்தேன். என் கையில் அது சாமியாகவும் இல்லை, மூக்காகவும் இல்லை.

தங்கமணிக்கு மார்த்தாண்டத்துக்கு வடக்கே ஊர். வீட்டு விளையில் ரப்பர் மரம் உண்டு. மரத்தில் பால் வடியக் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டைகளில் பழசானவற்றைக் கொண்டுவந்து லேத்தின்மேல் திருகாணி போட்டு வைத்திருப்பான். ஒருநாள் அதில் ஒன்றை நான் காலி செய்து ஈர மேஜையில் கவிழ்த்தேன். திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை. விளிம்பு முழுக்க ரப்பர் பால் உறைந்து தடித்த உதடு மாதிரி ஆகியிருந்தது. அந்த உதடு மேஜையைக் கவ்விக்கொண்டிருந்தது.

“தங்கமணி, இது என்னது?”

“ஒட்டுப்பால் அண்ணாச்சி. சிரட்டையில மிச்சம் நிக்கது. சொரண்டாம விட்டாச்சு. என்னத்துக்குக் கேக்கிய?”

அதை எடுத்துக்கொண்டு எஞ்சினிடம் போனேன். காலின் வளைவில் அழுத்தினேன். ஏற்கெனவே அறிமுகமானவர்கள்போல் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே உழைத்த நாட்கள் என்று சொல்லலாம். சின்னத் தேங்காயாகப் பொறுக்கி உடைத்தோம். விளிம்பை அரம் வைத்துச் சமப்படுத்தினோம். தங்கமணி கொண்டுவந்த புதுப் பாலில் விளிம்பை மட்டும் முக்கி, எதிரே டீக்கடை அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்ததும் மறுபடி முக்கல், மறுபடி புகை. அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று கிடக்கும்; மெல்லியதாகப் பல தடவை பூசினால்தான் உதடு உதடாக இருக்கும். டீக்கடைக்காரர் தம் டீயில் ரப்பர் வாசனை வருவதாக வாடிக்கையாளர்கள் சொல்வதாகச் சொன்னார். அதற்கு முன்பு எந்த வாசனையும் வந்ததில்லை என்பதை நாகரிகம் கருதி நான் சொல்லவில்லை.

தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மறு பாதியில் இருக்காது. கண்ணுள்ள பாதியில் ஒரு கண் மெத்தென்றிருக்கும். குத்தினால் வட்டமாகத் திறக்கும். தங்கமணி அந்த வட்டத்துக்குப் பித்தளையில் ஒரு மூக்கு கடைந்து பொருத்தினான். அது ஒரு பக்கத்துத் துளைக்கு. கண்ணில்லாத பாதி மறுபக்கத்துத் துளையை மூடி, காற்று புகாமல் காக்கும். ஒரு தேங்காய்க்கு ஓர் எஞ்சின், மிச்சமில்லை, குறைவில்லை. இரண்டையும் காலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் கவ்வி வேண்டும். என் சைக்கிள் கேரியர் அந்த வேலைக்கென்றே பிறந்ததாகத் தங்கமணி அபிப்பிராயப்பட்டான். அன்று முதல் என் சாப்பாட்டுத் தூக்கு ஹாண்டிலில் தொங்கியது.

கொட்டகையில் எல்லாம் சரியாக ஓடியது. நம்பியார் சார் தெளித்த நீர் வழிந்து இறங்கியது. அவர் பாராட்டவில்லை. “கடப்புறத்துல காணட்டே” என்றார். துறையில், சூசை கையால், ரோசம்மாளின் ஒரு குடத்தில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எஞ்சின் அன்றே எங்களோடு வண்டி ஏறும். அதுதான் ஏற்பாடு.

எஞ்சினை இரண்டு நாள் முன்பே சூசையிடம் அனுப்பிவிட்டு, குறிப்பிட்ட நாளில் போய்ச் சேர்ந்தோம். துறையே கூடியிருந்தது. முதலில் வள்ளம் கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். உள்ளே உப்பு ஏறினால்தானே கழுவ முடியும்? சார் குடைநுனியை என் பக்கம் திருப்பி, “தானும் போ” என்றார். அந்தப் பயணத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் வள்ளத்தின் அடிப்பலகையைப் பற்றித்தான். நாஞ்சில் நாட்டு வயல் எதுவும் அப்படி எழுந்து எழுந்து உட்காருவதில்லை. திரும்பி வந்து மணலில் கால் வைத்தபோது ஒரு கிழவர், “சாரு காலையிலுள்ள சாப்பாட்ட மீனுக்குக் கொடுத்தாச்சு” என்று கரைக்கு அறிவித்தார்.

துடுப்புகளை முக்காலியாகக் கட்டி, அதில் அடியில் ஹோஸ் மாட்டிய ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தொங்கவிட்டோம். விசிறி கழன்று சாரின் மடியில் ஏறியது. ரோசம்மாள் குடத்தைக் கொண்டுவந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தகரத்தில் ஊற்றினார். நான் சிரட்டைகளைக் கவ்வியில் வைத்துக் காலில் பொருத்தினேன். சூசை கயிற்றை இழுத்தார். எஞ்சின் கிளம்பியது. குழாயில் தண்ணீர் இறங்கியது. பின்னால் சிறு ஓட்டையில் நீர் பீச்சியது. கூட்டம் ஆவென்றது. அந்த ஆ முடிவதற்குள் இரண்டு சிரட்டையும் வழுக்கிக்கொண்டு காலோடு இறங்கி மணலில் விழுந்தன.

“நிறுத்து!” சூசை நிறுத்தினார். நான் குழாயை மடக்கிப் பிடிப்பதற்குள் பாதித் தண்ணீரை மணல் குடித்துவிட்டது.

எஞ்சினின் காலை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு. முகர்ந்தேன். எங்கள் குலத்தில் யாரும் அவ்வளவு அருகில் முகர்ந்திராத வாசனை.

“சூசை, இதுல என்ன தடவியிருக்கு?”

“மீனெண்ண சாரே” என்றார் சூசை, பெருமையோடு. “பெரிய சாரு வாராருல்லா? வள்ளத்துக்குப் பூசும்போ எஞ்சினுக்கும் தலையிலேருந்து காலு வரைக்கும் நல்லா பூசினேன். மரத்தையே அழுவ விடாது, இரும்ப விட்டுருமா?”

கல்யாண மாப்பிள்ளைபோல் எஞ்சின் ஏன் அப்படி மின்னியது என்று அப்போதுதான் விளங்கியது. கூட்டத்தில் ஒருவன், “மொட்டைக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுதான்டே!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. அவர் வள்ளத்தின் தட்டையான பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினை ஏற்ற வந்திருந்த வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நம்பியார் சார் வாயைத் திறப்பதற்குள் ஏதாவது நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியாது.

ரோசம்மாள் சிந்திய ஈரத்தை ஒரு தடவை பார்த்தார். கணவரை ஒரு தடவை பார்த்தார். இரண்டில் எதைப் பார்த்துக் கோபம் என்று சொல்ல முடியாது. ஓடிப்போய் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுவந்தார். சட்டி தேய்ப்பதுபோல் எஞ்சினின் காலைத் தேய்த்தார். முந்தானையால் துடைத்தார். சிரட்டைகளை மணல் தட்டி எடுத்து, தாமே இரண்டு பக்கமும் வைத்து, கவ்விக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“இனி வுடும். வழுக்குதா பாக்கேன். எனக்க வெள்ளமாக்கும்.”

விசிறி சாரின் மடியில் இருந்ததால் நான் பயப்படவில்லை. சூசை இழுத்தார். எஞ்சின் கிளம்பியது. சிரட்டை அசையவில்லை. சிறு ஓட்டையில் நீர் கம்பியாக வந்தது. இப்போது கேள்வி ஒன்றுதான்: முதலில் தீரப்போவது எஞ்சினுக்குள் இருக்கும் உப்பா, தகரத்தில் இருக்கும் தண்ணீரா? உப்பு போயிற்றா என்று அறிய ஒரே வழி, வெளியே வரும் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது. கையேட்டில் அப்படி இல்லை. நான் எழுதிய உரையில் இருந்தது.

“ருசிச்சு நோக்கு” என்றார் சார் என்னிடம்.

கடலில் கொடுத்துவிட்டு வந்த வயிறு எனக்கு. மீனெண்ணெய் மணம் வேறு. குனிந்தேன், வயிறும் கூடவே குனிந்தது. ரோசம்மாள் நிலைமையைப் பார்த்தார். “சாரு மாறும். ஏ மனுசா, இஞ்ச வந்து இதப் பிடியும்” என்று சூசையிடம் சிரட்டைகளை ஒப்படைத்துவிட்டு, பின்னால் வந்து, பீச்சும் நீரை உள்ளங்கையில் ஏந்தி, குழம்பு பார்ப்பதுபோல் நக்கினார்.

“கரிக்குது.”

தகரத்தை எட்டிப் பார்த்தேன். கால் பங்குக்குக் கீழே.

“இன்னும் கரிக்குது. ஆனா மொதல்ல உள்ள மாதிரி இல்ல.”

தகரத்தின் அடி தெரிந்தது. சூசையின் உதடு முணுமுணுத்தது. ஜெபம் என்று நினைக்கிறேன். ரோசம்மாள் மூன்றாம் தடவை நக்கி, நாக்கைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்தார்.

“சே, இதென்ன! உப்பே இல்ல. இதக் குழம்புன்னு வச்சா இந்த மனுசன் சட்டியத் தூக்கி எறிஞ்சிருவாரு.”

அவர் அதைச் சொல்லவும் குழாய் கடகடவென்று காற்றை இழுத்தது. “நிறுத்து!” என்றேன். நின்றது.

நம்பியார் சார் எழுந்தார். விசிறியைத் துணியோடு ஸ்டூலில் வைத்தார். விரல்களை நனைத்து எஞ்சினின் தலையில் தெளித்தார். துளிகள் அப்படியே நின்றன. பிறகு சோம்பலாக வழிந்து இறங்கின. அவர் குடையை விரித்தார். “வண்டிக்காரனோடு பறயு, ஒழிஞ்ச வண்டி போகட்டே.”

காலி வண்டி போனது. சூசை முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த சாம்பலும் மீனெண்ணெயும் முகத்துக்கு வந்தன. ரோசம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நாளைக்கும் ஒரு கொடம். ஒண்ணே ஒண்ணு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கொஞ்ச நாள் கழித்துச் சாரும் நானும் மறுபடி அந்தத் துறைக்குப் போனோம், எஞ்சின் எப்படி இருக்கிறது என்று பார்க்க. எஞ்சின் நன்றாக இருந்தது. பார்க்க வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. சூசையின் வள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வள்ளங்கள் மணலில் கிடந்தன. இரண்டுக்கும் பின்முனை புதிதாக அறுக்கப்பட்டு, வெள்ளை வெளேரென்று பலகை தெரிந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அதில் ஒருவன் அன்றைக்கு எண்ணெய்க் குளியல் என்று சிரித்தவன்.

“சாரே, எங்களுக்கு எஞ்சினு எப்போ வரும்?” என்றான் அவன்.

எங்களிடம் அப்படி ஓர் எஞ்சின் இல்லை. வருவதாகப் பேச்சும் இல்லை. கேட்காமலே, சொல்லாமலே, இரண்டு பேர் வாலை அறுத்துவிட்டு நிற்கிறார்கள். நான் சாரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவர் குடைநுனியைப் பார்த்தேன். அது முதல் வள்ளத்தின் அறுத்த விளிம்பைத் தொட்டது. பிறகு இரண்டாவதைத் தொட்டது. வேலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“எடோ பிள்ளே” என்றார் கடைசியில். “தங்கமணியோடு பறயு. ரெண்டு தேங்கா கூடி உடைக்கட்டே.”

சொல்லிவிட்டு மணலில் புள்ளி விழாத வேட்டியோடு நடந்து போய்விட்டார். அந்த இரண்டு எஞ்சின்களுக்காக அவர் யாரிடம் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது, எஞ்சின்கள் வந்தன.

அன்று கரையில் எல்லார் முகமும் மலர்ந்திருக்க, சூசை முகம் மட்டும் கோணியிருந்தது. புதுப் பலகைகளை ஏதோ பறிகொடுத்தவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசம்மாள் குடத்தோடு வந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஊருல ஒத்த மொட்டை நாமதானேன்னு அன்னைக்கு அழுதீரு. இன்னைக்கு என்னத்துக்கு அழுவுதீரு?”